புழக்கடையில் மின்மினி: கோடைத் தொடக்கத்தில் கண்டு மகிழ்தலும் காக்கும் வழியும்

சித்திரை மாதத்தில் கோடை மழை ஓரிரு முறை பெய்து, மண் குளிர்ந்து, வேலியோரத்துப் புல் துளிர்க்கும் காலத்தில், அந்தி மயங்கிய பின் மின்மினிகள் மின்னித் திரிவதை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்களில் காணலாம். காசு செலவின்றிக் குடும்பத்தார் யாவரும் கூடி அனுபவிக்கத்தக்க காட்சி இது. எனினும் இது கண்ணுக்கு விருந்து மாத்திரமன்று. நிலத்தின் நிலைமையைத் தெரிவிக்கும் அறிகுறியுமாகும். மின்மினி மிகுந்த கொல்லையில் ஈரமும் மக்கிய சருகும் போதிய அளவு உண்டென்றும், விஷ மருந்தால் மண் கெடவில்லையென்றும் பெரும்பாலும் கொள்ளலாம். ஆகையால் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இச்சிற்றுயிரைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் நன்று.

பிறப்பும் வளர்ச்சியும்

மின்மினியை ஈயென்று எண்ணுவாருளர். உண்மையில் அது வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000-க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என நான்கு பருவங்கள் இதற்குண்டு. தாய் வண்டு ஈரமண்ணிலும் பாசியிலும் முட்டையிடும். சில வாரங்களில் வெளிவரும் புழு, பல மாதங்கள் தரையிலேயே வாழ்ந்து வளரும். சில வகைகளில் இப்பருவம் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். பிறகு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிப்படும். வண்டுப் பருவமோ சில வாரங்களே. அப்பருவத்தில் பல வகைகள் உணவே கொள்வதில்லை. துணை தேடுவதும் முட்டையிடுவதுமே அவற்றின் வேலை. ஆதலால் நாம் சில இரவுகள் காணும் ஒளிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத நெடுங்கால வாழ்வு மண்ணில் நடைபெற்றிருக்கிறது. அம்மண்ணைக் கெடுத்தால் அடுத்த ஆண்டின் காட்சியும் கெடும்.

ஒளியின் காரணம்

மின்மினியின் வயிற்றின் நுனிப்பகுதியில் ஒளியுறுப்பு அமைந்துள்ளது. அங்கே லூசிபெரின் என்னும் பொருள், லூசிபெரேஸ் என்னும் நொதியின் உதவியால் பிராணவாயுவோடு கூடும்பொழுது ஒளி பிறக்கிறது. இதற்கு உயிரணுக்களின் சக்திப்பொருளாகிய ஏ.டி.பி. இன்றியமையாதது என்பதை 1947-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் மெக்கெல்ராய் வெளிப்படுத்தினார். இந்த ஒளியில் விளக்கின் சூடு இல்லை. ஆகவே இதனைக் குளிரொளி என்பர். இதே நொதியைக் கொண்டு, பால் பதனிடும் நிலையங்களில் பாத்திரங்கள் துப்புரவாக உள்ளனவா என்று சோதிக்கும் முறையும் இன்று வழக்கிலுள்ளது.

பல வகைகளில் ஆண் பறந்துகொண்டே மின்னும். பெண் புல் நுனியிலோ இலையிலோ அமர்ந்து மறுமொழியாக மின்னும். ஒவ்வொரு வகைக்கும் மின்னும் கால அளவு வேறு. சிலவகைகள் ஒன்றோடொன்று ஒத்து, ஒரே சமயத்தில் மின்னி ஒரே சமயத்தில் அணையும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடுகளில் 2022 ஏப்ரலில் இவ்வாறு பெருந்திரளாக மின்மினிகள் ஒத்து மின்னியது பலரது கவனத்தை ஈர்த்தது.

விவசாயிக்கு அடையும் நன்மை

மின்மினிப் புழு ஊனுண்ணி. நத்தை, ஓடில்லா நத்தை, மண்புழு முதலியவற்றை அது பற்றி, தன் கொடுக்குப் போன்ற தாடைகளின் வழியே நஞ்சைச் செலுத்தி, அவற்றை அசைவற்றுப் போகச் செய்து உண்ணும். நாற்றங்காலையும் காய்கறிச் செடியையும் பப்பாளிக் கன்றையும் கெடுக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை 1847-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் இந்நாட்டின் பல பாகங்களிலும் பரவியது. இலங்கையிலும் அது பரவி, களுத்துறை நத்தை என்று பெயர்பெற்றது. பெரிய மின்மினி வகையொன்றின் புழு இந்நத்தையை உண்பதைக் குறித்து இலங்கை விவசாய இலாகா 1924-லேயே ஒரு வெளியீடு பிரசுரித்தது. மின்மினி ஒன்றே நத்தைத் தொல்லையை முற்றும் நீக்கிவிடும் என்று எண்ணலாகாது; ஆயினும் கூலி கேளாத துணையை இழப்பது புத்தியன்று.

குறைவதற்குக் காரணம்

உலகின் பல நாட்டு மின்மினி ஆராய்ச்சியாளர்களின் கருத்துக்களைத் திரட்டி 2020-இல் வெளியான ஆய்வு, வாழிடம் அழிதல், இரவில் செயற்கை வெளிச்சம், பூச்சிமருந்து ஆகிய மூன்றையும் முக்கிய அபாயங்களாகக் காட்டியது. இம்மூன்றும் நம் கிராமங்களிலும் உள்ளனவே. இரவு முழுதும் எரியும் வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் கீழ் ஆணின் ஒளி பெண்ணுக்குப் புலப்படாது, இணைசேர்தல் தடைப்படும். மண்ணிலிடும் குருணை மருந்து புழுவைக் கொல்லும். சருகைக் கூட்டி எரித்தால் புழுவும் அதன் இரையும் ஒருங்கே மடியும்.

கண்டு மகிழும் முறை

பொழுது சாய்ந்து இருள் சூழ்ந்தது முதல் இரண்டு மணி நேரம் ஏற்ற வேளை. காற்றில்லாத, நிலவொளி குறைந்த, புழுக்கமான இரவு மிகவும் நன்று. கொல்லைப்புற விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் அமைதியாக அமர்ந்தால் கண் இருளுக்குப் பழகும். பாம்புக்கு அஞ்சிக் கைவிளக்கு வேண்டுமாயின், அதன் முகத்தில் சிவப்புத் தாளைக் கட்டிக் கால் வைக்குமிடத்தில் மாத்திரம் ஒளி விழச் செய்யலாம். சிறுவர் மின்மினியைப் பிடித்துப் புட்டியில் அடைப்பதைத் தடுக்கவேண்டும். சில வாரமே உள்ள ஆயுளில் ஓரிரவு வீணாவதும் பெரும் நஷ்டமே. அதற்குப் பதிலாக, ஒரே இடத்தில் அமர்ந்து பத்து நிமிஷத்தில் காணும் மின்னல்களை எண்ணித் தேதியுடன் குறித்துவரச் சொல்லலாம். ஆண்டுதோறும் இவ்வாறு குறித்தால் கூடுதலும் குறைதலும் தெளிவாகும்.

செய்யத்தக்கவை

1. கொல்லையின் ஒரு மூலையில், கிணற்றடியின் கசிவுநீர் படுமிடத்தில், புல்லையும் சருகையும் அப்படியே விட்டுவைத்தல். வீட்டு வாயிலுக்கும் சிறுவர் நடமாடும் வழிக்கும் இது சற்று எட்டியிருத்தல் நலம்.

2. சருகை எரியாமல் எருக்குழியில் இட்டு மக்கச் செய்தல்.

3. பெருநத்தைகளை அந்தியில் கையுறையணிந்து பொறுக்கி உப்புநீரில் இட்டு அழித்தல். மருந்தைக் கண்டபடி தூவாதிருத்தல்.

4. பூச்சிமருந்து தவிர்க்கமுடியாதபோது, நோய் கண்ட பயிருக்கு மாத்திரம் அளவறிந்து தெளித்தல். வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தெளியாதிருத்தல்.

5. வெளிவிளக்கைத் தேவையான நேரத்தில் மாத்திரம் எரித்தல்.

பஞ்சாயத்தாரும் கிராம அதிகாரிகளும் தெருவிளக்கு அமைக்கும்போது, ஒளி வழியின்மேல் மாத்திரம் விழும்படி கீழ்நோக்கிய மூடியும், இயன்றவிடத்து மஞ்சள் நிற ஒளியும் அமையச் செய்தல் வேண்டும். ஏரிக்கரை, ஓடைக்கரைப் புதர்களை முற்றும் வெட்டித் தீயிடாமல் பகுதி பகுதியாகச் சீர்செய்தல் நலம்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. சிலவற்றால் செலவு குறைவதும் உண்டு. இவ்வாண்டு மண்ணில் தங்கும் புழுவே வருங்கோடைகளின் ஒளியாதலால், இப்பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் கொல்லையில் ஒரு மூலையையேனும் இதற்கென ஒதுக்குவார்களாக.