சிங்கப்பூரா, ஸ்டுட்கார்ட்டா?

கேள்வி: எனக்கு 23 வயது. பொறியியல் முடித்து ஓராண்டாகக் கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இப்போது இரண்டு இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சிங்கப்பூரில் மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்டுக்கு 50,000 யூரோ. யூரோவை 100 ரூபாய்க்கும் வெள்ளியை 68 ரூபாய்க்கும் போட்டுப் பார்த்த என் சித்தப்பா, "ஜெர்மனி 50 லட்சம், சிங்கப்பூர் 46 லட்சம்கூட வரலை. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்கிறார். கல்விக் கடன் 6 லட்சம் பாக்கி. அடுத்த வருடம் கல்யாணம் பேசலாம் என்கிறார்கள் வீட்டில். எதை ஒப்புக்கொள்வது?

— வாசகி, ஈரோடு

பதில்: சித்தப்பா பெருக்கியது சரி. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தை. அந்தப் பணம் முழுதாக உங்கள் கைக்கு வராது. பிடித்தம் போன பிறகு பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஜெர்மனியில் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைத்துப்போன நம் பிள்ளைகள் பலரை நான் அறிவேன். 50,000 யூரோ என்றால் மாதம் 4,167. 2025 விதிகளின்படி இதில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 1.3, மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறத்தாழ 8.5, முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்கு 2.4 போகும். கடைசியாகச் சொன்னதில் 23 வயது முடிந்தும் பிள்ளை இல்லாதவர்கள் செலுத்தும் கூடுதல் பங்கும் சேர்ந்திருக்கிறது. இவை மட்டுமே 900 யூரோ. மணமாகாதவருக்கான வருமான வரி இன்னும் 575 யூரோ அளவில். கைக்கு வருவது ஏறத்தாழ 2,690.

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதியில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு மத்திய சேம நிதிப் பிடித்தம் கிடையாது. 5,600 வெள்ளியும் அப்படியே வங்கிக்கு வந்துவிடும். வரி உண்டு, ஆனால் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். ஆண்டுக்கு 67,200 வெள்ளி சம்பாதித்து, வரிச்சட்டப்படி அங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர் கட்ட வேண்டியது ஏறத்தாழ 2,400 வெள்ளி, அதாவது மாதத்துக்கு 200. வரிச் சீட்டு மறுவருடம்தான் வரும் என்பதால் பலர் அதை மறந்து செலவழித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் 200 வெள்ளியை ஒதுக்கிவிடுங்கள்; மீதி 5,400 உங்களுடையது.

வாடகைதான் சிங்கப்பூரில் வலிக்கும். வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் ஒரே ஓர் அறைக்கு 1,000 முதல் 1,300 வெள்ளி வரை கேட்கிறார்கள். சாப்பாடு அவ்வளவு பயமுறுத்தாது. தேக்கா உணவங்காடியிலோ வீட்டுக்குக் கீழே உள்ள காப்பிக்கடையிலோ சாப்பிட்டு, வார இறுதியில் சமைத்தால் 600 வெள்ளியில் ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். ரயில், பேருந்து, தொலைபேசி, கைச்செலவு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 2,400 என்று வைத்தால் மாதம் 3,000 வெள்ளி மிஞ்சும். சித்தப்பா சொன்ன விலையிலேயே அது 2 லட்சம் ரூபாய்.

ஸ்டுட்கார்ட்டில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை 650 யூரோ என்று வையுங்கள். தனி வீடு பார்த்தால் விளம்பரத்தில் இருப்பது 'குளிர் வாடகை'யா, வெந்நீரும் சூடேற்றியும் சேர்ந்த 'சூடு வாடகை'யா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணமாக மூன்று மாதக் குளிர் வாடகை வரை கேட்பார்கள். பல வீடுகளில் சமையலறை வெறும் சுவராகத்தான் இருக்கும். நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போகும் மாதச்சீட்டு 2025-இல் 58 யூரோவாக இருந்தது. எல்லாம் போக 1,400 யூரோ நிற்கும். 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். மாதம் 60 ஆயிரம் ரூபாய்க்கும் மேல் சிங்கப்பூர் முந்துகிறது. கடனை அடைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சிங்கப்பூரில் மூன்று நான்கு மாதத்தில் அது முடிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் கல்யாணத்தைப் பற்றிய வரி மட்டும் இல்லையென்றால் பதிலை இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

கல்யாணமானதும் கணவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ள டிபெண்டன்ட் பாஸ் வேண்டும். அதற்கு உங்கள் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். உங்களுக்கு 400 வெள்ளி குறைகிறது. அப்படியே அவர் வந்தாலும், தனக்கென்று ஒரு வேலை அனுமதி கிடைக்காமல் அங்கே வேலை பார்க்க முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளமும் வயது ஏற ஏற உயரும். 2025 விதிப்படி 5,600 என்பது 23 வயதுக்கான அடிமட்ட எல்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பாஸைப் புதுப்பிக்கும்போது சம்பளமும் கணிசமாக உயர்ந்திருக்க வேண்டும். வேலை போனாலோ, புது வேலை தேடக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

ஜெர்மனியில் மாதம் 900 யூரோவைப் பிடித்தார்களே, அந்தப் பணத்தின் மதிப்பு இப்போதுதான் தெரியும். கணவருக்கு வருமானம் இல்லையென்றால் உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே அவரும் பிறக்கும் குழந்தைகளும் தனிக்கட்டணம் இன்றிச் சேர்வார்கள். ப்ளூ கார்டு என்னும் வேலை, வசிப்பு அனுமதி வைத்திருப்பவரின் துணை தனி அனுமதி கேட்காமலே வேலைக்குப் போகலாம். மணமான பிறகு வரி வகையை மாற்றிக்கொண்டால், வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது கைக்கு வருவது மாதம் 3,000 யூரோவைத் தொடும். ஓராண்டு காப்பீடு கட்டியபின் வேலை போனால் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம் சில மாதங்களுக்கு வரும். ஜெர்மன் மொழியில் பி1 தேர்ச்சி இருந்தால் ப்ளூ கார்டுக்காரருக்கு 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி உண்டு.

எனவே நான் சொல்வது இது. மூன்றாண்டு சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் சிங்கப்பூர். வெளிநாட்டிலேயே குடும்பமாக வாழ்வதாக இருந்தால் ஸ்டுட்கார்ட். மாதம் 60 ஆயிரம் குறைகிறதே என்று தயங்காதீர்கள். இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். பார்க்கும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேசுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பேசும் விஷயமாக இதை விட்டுவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எந்த ஊராக இருந்தாலும் கிளம்பும் தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 1 முதல் எண்ணி 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனால் அந்த நிதியாண்டில் நீங்கள் வரிச்சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர். செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் விமானம் ஏறினால் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி கட்டும் கவலை இல்லை. நவம்பரில் போனால் மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அங்கே வரி குறைவு என்ற சிங்கப்பூரின் அனுகூலம் அந்தச் சில மாதங்களுக்குக் கரைந்துவிடக்கூடும்.

கையெழுத்துப் போடுமுன் சிங்கப்பூர் நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். சம்பளத்தை 6,000 ஆக்க முடியுமா? மருத்துவக் காப்பீடு உண்டா? எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு அதைத் தரவேண்டிய சட்டக் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே சேமிப்பு கரைந்துபோகும்.