பயணி என்னும் வண்ணத்துப்பூச்சி

சிறகு உள்ள உயிர் விரும்பிய இடமெல்லாம் வாழலாம் என்று நாம் எண்ணுவதுண்டு. ஆனால் ஒரு வண்ணத்துப்பூச்சி எங்கே வாழும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் குடம்பி உண்ணும் தாவரமே. வட அமெரிக்க ஈரநிலங்களில் வாழும் அகன்ற சிறகு ஸ்கிப்பர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

தடித்த உடலும், நுனியில் கொக்கிபோல் வளைந்த உணர்கொம்புகளும் ஸ்கிப்பர் குடும்பத்தின் அடையாளங்கள். இவ்வினத்தின் கபில நிறச் சிறகுகளில் செம்மஞ்சள் திட்டுகள் காணப்படும். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஹென்றி எட்வேர்ட்ஸ் 1865ஆம் ஆண்டில் இதற்கு 'வியேட்டர்' என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் இதன் பொருள் 'பயணி'.

இதன் பரம்பலைப் படத்தில் குறித்தால் இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று, உள்நாட்டில் பேரேரிகளைச் சூழ்ந்த பிரதேசம். மற்றையது, மசாசூசெட்ஸ் முதல் வட புளோரிடா வரையான அத்திலாந்திக் கரையும், அங்கிருந்து மேற்கே டெக்சாஸ் வரையான மெக்சிக்கோ வளைகுடாக் கரையும். இவ்விரு பகுதிகளிலும் வெவ்வேறு துணையினங்கள் வாழ்கின்றன.

உள்நாட்டுக் குடம்பிகள் ஏரியோரக் கோரையை உண்கின்றன. கரையோரக் குடம்பிகளுக்குக் காட்டரிசிப் புல்லும் நாணலும் உணவு. கரையோரத் துணையினத்தின் பெயரான 'சிசானியே' கூட, காட்டரிசியின் விஞ்ஞானப் பெயரிலிருந்து வந்ததே.

இங்கேதான் இரண்டின் நிலையும் வேறுபடுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த நாணல் வகையொன்று அமெரிக்கக் கரையோரச் சதுப்புகளிலும் வீதியோரக் கான்களிலும் வேகமாகப் பரவியது. அதனோடு கரையோர ஸ்கிப்பரும் பெருகியது. இன்று நியூ ஜேர்சிக் கரையோரத்தில் அது சாதாரணமாகக் காணப்படும் வண்ணத்துப்பூச்சி. உள்நாட்டுத் துணையினமோ கோரை வளரும் சதுப்புகளில் சிறு சிறு கூட்டங்களாகவே வாழ்கிறது. ஒரு சதுப்பின் நீரை வடித்து வயலாகவோ கட்டட நிலமாகவோ மாற்றினால், அங்குள்ள கூட்டமும் அதனோடு அழியும். பெயர் பயணியாயினும், கோரை இல்லாத இடத்தில் அதன் குடம்பிக்கு உணவில்லை.

அப்படியாயின், ஸ்கிப்பர் பெருகியுள்ள கரையோரச் சதுப்பு நலமாக இருக்கிறதா? அவ்வாறு கூற முடியாது. அடர்ந்து வளரும் அந்நாணல் காட்டரிசி உட்பட ஏனைய தாவரங்களை நெருக்கி அகற்றிவிடுகிறது. அவற்றை நம்பிய உயிர்கள் உணவும் உறைவிடமும் இழக்கின்றன. பெருகிய ஓரினத்தை மட்டும் எண்ணினால் இந்த இழப்பு நமக்குத் தெரியாது.

அல்லாஹ்வின் படைப்பில் சிறு பூச்சிக்கும் அதற்குரிய உணவும் இடமும் உண்டு. ஆகவே மாணவிகளே, ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கண்டால் அதன் நிறத்தை வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதன் குடம்பி எதை உண்கிறது, அத்தாவரம் எங்கே வளர்கிறது என்றும் கேளுங்கள். அந்த இடத்தைப் பாதுகாப்பதே அப்பூச்சியைப் பாதுகாப்பதாகும்.