பாலிலேயே வெந்துவிட்டால் படலம் சேராது

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் கையுறை தோய்க்கும் சிறு யூனிட் நடத்துகிறோம் ஐயா. கையுறை இன்னும் உறுதியாக வரட்டும் என்று ரப்பர் பாலில் கந்தகத்தைக் கொஞ்சம் கூட்டினோம், சூடாக்கும் நேரத்தையும் கூட்டினோம். கையில் போட்டால் விறைப்பாக இருக்கிறது, இழுத்தால் பட்டென்று கிழிந்துவிடுகிறது. குறுக்குப் பிணைப்பு கூடினால் ரப்பர் பலமாகும் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: அவர்கள் சொல்வது ஓர் அளவு வரை சரிதான், ஆனால் அது ஷீட் ரப்பருக்குப் பொருந்தும் பேச்சு. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கிப் பார்த்தது கெட்டி ரப்பரை. நீங்கள் சூடாக்குவது பாலை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பாலில் ரப்பர் ஒரே பொருளாக இல்லை. தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான துகள்களாக இருக்கிறது. பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய தோல் உண்டு. அச்சைத் தோய்த்து எடுத்ததும் தண்ணீர் வற்றி, துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றையொன்று தொடுகின்றன. பார்வைக்குப் படலம் வந்துவிட்டது. ஆனால் தொட்டுக்கொண்டிருப்பது வேறு, கலந்திருப்பது வேறு. ஒரு துகளின் பாலிமர் சங்கிலி எல்லையைக் கடந்து அடுத்த துகளுக்குள் நுழைந்து, அங்குள்ள சங்கிலிகளோடு சிக்கிக்கொண்டால்தான் அந்த இடம் இழுவையைத் தாங்கும். வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுருண்டு கிடக்கும் ஒரு சங்கிலியின் அளவுக்கு, அதாவது சில பத்து நானோமீட்டர் நுழைந்தாலே எல்லை ஏறக்குறைய மறைந்துவிடும்.

சங்கிலி எப்படி நகர்கிறது? பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் த ஜென் 1971இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நெருக்கமான புதருக்குள் பாம்பு போவதுபோல, சங்கிலி தன் நீளவாக்கில் ஊர்ந்துதான் வெளியேற முடியும். அந்தப் பாம்பை நடுவில் நான்கு இடத்தில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? தலையும் வாலும் அசையும், உடல் நகராது. கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே போடும் குறுக்குப் பிணைப்பு செய்வது அதைத்தான். பாலைச் சூடாக்கும்போதே துகளுக்குள் பிணைப்புகள் மிஞ்சிவிட்டால், எல்லையைக் கடக்கத் தளர்ந்த நுனிகள் மட்டுமே மிஞ்சும்.

வீட்டில் கொழுக்கட்டை பிடிக்கும்போது கவனித்திருப்பீர்கள். வேகாத மாவு உருண்டைகள் இரண்டை அழுத்தினால் ஒன்றாகிவிடும். வெந்த பிறகு அழுத்தினால் ஒட்டும், ஆனால் பிட்டால் பழைய எல்லையிலேயே விட்டுவிடும். உங்கள் கையுறையில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக நன்றாக வெந்திருக்கிறது. விறைப்பு அதனால் வந்தது. கிழிவது துகளுக்கும் துகளுக்கும் இடையில்.

ஆக இது இரண்டு வேகங்களுக்கு இடையிலான போட்டி: சங்கிலிகள் கலக்கும் வேகம், பிணைப்பு விழும் வேகம். இதே த ஜென், அராதியான், ரஃபேல் ஆகியோருடன் சேர்ந்து 2000இல் இந்தப் போட்டியைக் கணக்காகவே எழுதினார். கலத்தல் முந்தினால் பலம் கூடும், பிணைப்பு முந்தினால் குறையும். அதற்காகப் பிணைப்பே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். பிணைப்பில்லாத படலம் இழுத்தால் நீண்டபடியே நின்றுவிடும், வெயிலில் பிசுபிசுக்கும்.

என் யோசனை: பாலில் பாதி வேலையை மட்டும் முடியுங்கள். கந்தகத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். தோய்த்த படலம் ஈரமாக இருக்கும்போதே 60–70 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் அலசுங்கள். துகள்களுக்கு நடுவே நிற்கும் புரதமும் சோப்பும் கரைந்து போனால் சங்கிலிகளுக்கு வழி திறக்கும். பலர் இதை ஒவ்வாமை குறைவதற்கான வேலை என்று மட்டுமே நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பலத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. மீதிப் பிணைப்பை, படலம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஓவனில் சுமார் 100 டிகிரியில் முடியுங்கள். அப்போது விழும் பிணைப்பு எல்லையைத் தாண்டியும் விழும்.

பாலைச் சூடாக்குவதை எப்போது நிறுத்துவது என்பதற்குக் குளோரோஃபார்ம் சோதனை போதும். பாலும் குளோரோஃபார்மும் சம அளவு எடுத்துக் கலக்குங்கள். பிசுபிசுத்த ஒரே உருண்டையாகத் திரண்டால் அது 1, இன்னும் வேகவில்லை. மென்மையான கட்டியாகி, இழுத்தால் சட்டென்று அறுந்தால் 2. ஒட்டாத சிறு கட்டிகளாகப் பிரிந்தால் 3. உலர்ந்த பொடி போல உதிர்ந்தால் 4. உங்கள் பால் இப்போது 4ஐத் தொட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஓவனில் முடிக்கும் சரக்கு என்றால் 2க்கும் 3க்கும் நடுவிலேயே சூட்டை நிறுத்தி, பாலைக் குளிரவையுங்கள். டிரம்மில் வைத்த பாலிலும் பிணைப்பு மெல்ல நடந்துகொண்டே இருக்கும், கோடையில் இன்னும் வேகமாக. எனவே தோய்க்கும் அன்று காலையில் மறுபடி சோதியுங்கள்.

இயற்கை ரப்பர் அறுவைசிகிச்சைக் கையுறைக்கு ஏஎஸ்டிஎம் டி3577 தரநிலை கேட்பது குறைந்தது 24 மெகாபாஸ்கல் இழுவிசை. விறைப்பைக் கையால் தடவிப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது, இழுத்துச் சோதிக்க வேண்டும். குளோரோஃபார்ம் சோதனையில் ஓர் எச்சரிக்கை: அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும். காற்றோட்டமான இடத்தில், சிறிதளவே எடுத்து, நீங்களே நின்று அந்தச் சோதனையைச் செய்யுங்கள். விவரம் தெரியாத வேலையாட்களிடம் விட்டுவிடாதீர்கள்.