சுவீடன் இறைச்சி உருண்டையும் கிரேவியும்: மென்மையாக, உப்பைக் குறைத்து, வீட்டிலேயே

பேரப்பிள்ளைகளோடு இக்கியா கடைக்குப் போயிருப்பீர்கள். மேசை, நாற்காலி பார்த்துக் கால் களைத்த பிறகு மேலே உள்ள உணவகத்தில் உட்கார்ந்தால் ஒரு தட்டு வரும். பழுப்பு நிற உருண்டைகள், அவற்றின் மேல் கெட்டியான கிரேவி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு ஜாம். கரண்டியால் அழுத்தினாலே உடையும் உருண்டை அது. பொய்ப்பல் வைத்திருப்பவர்களும் சிரமமில்லாமல் சாப்பிட்டுவிடலாம்.

இங்கே அதைப் பற்றிச் சொல்வதற்குக் காரணமும் அந்த மென்மைதான். பல் விழுந்த பிறகு, அல்லது ஈறு வலிக்கத் தொடங்கிய பிறகு, நம்மில் பலர் சத்தமில்லாமல் இறைச்சியை விட்டுவிடுகிறோம். காலையில் ரொட்டி, மதியம் ரசஞ்சோறு, இரவில் கஞ்சியும் ஊறுகாயும். வயிறு நிறைகிறது, ஆனால் புரதச்சத்து போதவில்லை. புரதம் குறைந்து, நடமாட்டமும் குறைந்தால் தொடைத் தசை மெலியும். நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கும். பேருந்துப் படி உயரமாகத் தெரியும். கீழே விழும் ஆபத்தும் கூடும். மென்று சாப்பிட முடியவில்லை என்றால் இறைச்சியை விட வேண்டியதில்லை, அதைச் சமைக்கும் விதத்தை மாற்றினால் போதும்.

சுவீடனில் இது வீட்டுச் சாப்பாடு. 1755இல் வெளிவந்த காய்சா வார்க் என்ற பெண்மணியின் சமையல் புத்தகத்திலேயே இறைச்சி உருண்டை இருக்கிறது. அங்கே மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்து செய்வார்கள். கிறிஸ்துமஸ் விருந்து மேசையிலும் இது தவறாமல் இருக்கும். நாம் இங்கே கோழிக்கறியில் செய்வோம். கோலா உருண்டை உருட்டிப் பழகிய கைக்கு இது புதிய வேலை இல்லை.

தேவையான பொருள்கள் (4 பேருக்கு)

தோல் நீக்கிய கோழித்தொடைக் கறி, கொத்தியது 400 கிராம், முழுத்தானிய ரொட்டி 2 துண்டு, கொழுப்பு குறைந்த பால் அரை கப், முட்டை 1, பெரிய வெங்காயம் 1, வெள்ளை மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சாதிக்காய்த்தூளும் கிராம்புத்தூளும் ஒரு சிட்டிகை, உருண்டைகளை வதக்க எண்ணெய் 1 மேசைக்கரண்டி.

கிரேவிக்கு: எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மைதா 3 மேசைக்கரண்டி, உப்பில்லாத கோழிச்சாறு ஒன்றரைக் கப்புக்குச் சற்று அதிகம் (400 மில்லிலிட்டர்), கொழுப்பு குறைந்த பால் 100 மில்லிலிட்டர், சோயா சாஸ் 1 தேக்கரண்டி.

சுவீடன்காரர்கள் ஆல்ஸ்பைஸ் என்ற மசாலாவைப் போடுவார்கள். பார்க்க மிளகு போலவே இருக்கும். கிராம்பும் சாதிக்காயும் பட்டையும் சேர்ந்த மணம் வரும். அது கிடைக்காவிட்டால் மேலே சொன்ன இரண்டு சிட்டிகை போதும். கை நீண்டுவிட்டால் பிரியாணி வாசனை வந்துவிடும்.

உருண்டை மென்மையாக வர

ரொட்டியைப் பிய்த்துப் பாலில் 10 நிமிடம் ஊறவிட்டுக் கையால் கூழாக்குங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ஊறிய ரொட்டிதான் உருண்டைக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் வெந்த கறி இறுகிப்போகும். வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, சிறிதளவு எண்ணெயில் நன்றாகக் குழைய வதக்கி ஆறவிடுங்கள். பச்சை வெங்காயம் பல்லிடுக்கில் மாட்டும்.

பிறகு எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்துக் கலக்குங்கள். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைய வேண்டாம். அதிகம் பிசைந்தால் மீன் உருண்டை போல ரப்பராகத் துள்ளும். கலவை ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள். இருபத்து நான்கு உருண்டை வரை வரும். நின்றுகொண்டே செய்ய வேண்டாம்; மேசையில் உட்கார்ந்து உருட்டலாம். பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் பாதி வேலை குறையும், ஆனால் உருண்டைகள் ஒரே அளவில் இருக்காது. பச்சைக் கோழிக்கறியைத் தொட்ட கை, பலகை, கத்தி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஒட்டாத வாணலியில் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பழுப்பாகும் வரை வதக்குங்கள். 6 முதல் 8 நிமிடம் ஆகும். உள்ளே இன்னும் வெந்திருக்காது, அது பரவாயில்லை. ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி கிரேவியில் வேகும்.

உப்பு ஒளிந்திருக்கும் இடம்

இந்த உணவில் கவனிக்க வேண்டியது உருண்டையைவிடக் கிரேவிதான். வழக்கமான முறையில் வெண்ணெய், கொழுப்பு நிறைந்த கிரீம், சூப் கட்டி எல்லாம் சேரும். சூப் கட்டியின் உறையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பொருளாக உப்புதான் எழுதியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிகூட ஆகாது. நாள் முழுவதும் சாப்பிடும் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் கிரேவியில் ஒரு கட்டியைக் கரைத்துவிட்டு, ‘நான்தான் சோற்றில் உப்பே போடுவதில்லையே’ என்று சொன்னால் என்ன பயன்?

சாற்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம். சந்தையில் கோழி எலும்பு மலிவாகக் கிடைக்கும். அதோடு ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஐந்தாறு மிளகு போட்டு ஒரு மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். குளிரவைத்தால் கொழுப்பு மேலே உறையும், கரண்டியால் வழித்துவிடலாம்.

உருண்டை வதக்கிய அதே வாணலியில், அடியில் ஒட்டியிருப்பதைக் கழுவாமல், எண்ணெய் விட்டு மைதாவைப் போட்டு பிஸ்கட் நிறம் வரும் வரை இரண்டு நிமிடம் வறுங்கள். கிரேவியின் ருசி பெரும்பாலும் அந்த அடிப்பிடிப்பிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் உப்பு குறைந்தாலும் சப்பென்று இருக்காது. சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். கட்டி தட்டினால் வடிகட்டியில் ஊற்றி எடுத்தால் சரியாகிவிடும். கெட்டியானதும் பாலையும் சோயா சாஸையும் சேருங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இனிப்பில்லாத சோயா பால் ஊற்றலாம். உருண்டைக்கு ரொட்டி ஊறவைக்கவும் அதுவே ஆகும்.

உருண்டைகளைப் போட்டு மூடி, சிறு தீயில் 10 நிமிடம் வேகவிடுங்கள். ஒன்றை இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக்கூடாது, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

தட்டில் வைக்கும்போது

ஒருவருக்கு 6 உருண்டை. அதில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். தட்டில் கால் பங்கு உருண்டை, கால் பங்கு தோலோடு அவித்த உருளைக்கிழங்கு அல்லது பழுப்பரிசிச் சோறு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். சிவப்பு ஜாம் லிங்கன்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தில் செய்வது. சர்க்கரை நிறைய சேர்ந்திருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதைவிட நல்லது சுவீடன்காரர்களின் இன்னொரு பக்க உணவு: மெல்லியதாகச் சீவிய வெள்ளரிக்காயை வினிகரில் ஊறவைப்பார்கள். நாம் எலுமிச்சைச் சாறும் மிளகும் சேர்த்துச் செய்யலாம்.

சாப்பிடும்போது அடிக்கடி இருமல் வந்தாலோ, தொண்டையில் சிக்குவது போலிருந்தாலோ, உருண்டையான உணவு ஆபத்தானது. மசித்து, கிரேவியில் நன்றாகக் குழைத்தே சாப்பிடுங்கள். மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். வயதாகிவிட்டதால் வருவது என்று விட்டுவிட வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோடியம் குறைந்தது என்று விற்கும் சில உப்புகளில் பொட்டாசியம் இருக்கும். அவற்றையும் இவர்கள் கேட்காமல் வாங்கக்கூடாது.

தனியாக இருப்பவர்கள் ஒருவருக்காக இவ்வளவு வேலையா என்று யோசிக்கலாம். முழு அளவும் செய்துவிட்டு, மிச்சத்தை ஆறாறு உருண்டையாகச் சிறு டப்பாக்களில் போட்டு, சமைத்த 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு, மூன்று நாளுக்குள் சாப்பிடுவதைக் கீழே வைத்து, மற்றதை உறைபெட்டியில் வைக்கலாம். டப்பாவின் மேல் தேதியை எழுதிவிடுங்கள். எடுத்ததை ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான்.