பழக் கொம்புச்சா கலந்த திரவ சோப்பு கிருமிகளை அழிக்குமா?

கொய்யா, அன்னாசி போன்ற பழங்கள் விலை சரியும் காலங்களில் தோட்டத்திலேயே வீணாகின்றன. இவற்றின் சாற்றைக் கொம்புச்சாவாகப் புளிக்கவைத்துத் திரவ சோப்பில் கலந்தால் கிருமிகளை அழிக்கும் சோப்பு கிடைக்கும் என்ற கருத்து இப்போது பரவி வருகிறது. கறவை மாடு வளர்ப்போர் இதனை நன்கு ஆராய்ந்தே ஏற்க வேண்டும். மடிநோயை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, பால் கறப்பவரின் கைகள் வழியாக மாட்டுக்கு மாடு பரவக்கூடியது. எனவே, கை சுத்தம் பற்றிய தவறான நம்பிக்கை பால் வருமானத்தையே பாதிக்கும்.

கொம்புச்சாவின் தன்மை

சர்க்கரை கலந்த தேயிலை நீரில் ஈஸ்ட்டும் அசெட்டிக் அமில பாக்டீரியாக்களும் சேர்ந்து வளர்வதால் கிடைப்பதே கொம்புச்சா. இத்துடன் பழச்சாறும் சேர்க்கலாம். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. பாக்டீரியா அதனை அசெட்டிக் அமிலமாக்குகிறது. ஓரிரு வாரங்களில் கார அமில நிலை சுமார் 3 ஆகக் குறைகிறது. இந்தப் புளிப்பில் பல பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. ஊறுகாயில் காடி சேர்ப்பதும் இதற்காகவே.

சோப்பில் கலந்தால் என்ன ஆகும்?

எண்ணெயுடன் காரத்தைச் சேர்த்துச் செய்யப்படுவது சோப்பு. இதன் கார அமில நிலை 9 முதல் 10 வரை இருக்கும். கொம்புச்சாவைச் சிறிதளவு கலந்தால் அதன் அமிலம் முறிந்துவிடும். அதிகம் கலந்தால் சோப்பே திரிந்து, வெண்மையான கொழுப்பு அமிலம் பிரியும், நுரை குறையும். சோப்புக் கரைசலில் சிறிது காடியை ஊற்றி இதனை வீட்டிலேயே காணலாம். கடைகளில் விற்கும் திரவ சோப்புகள் பல, செயற்கைச் சலவைப் பொருள்களால் ஆனவை. அவை திரிவதில்லை, ஆனால் அவற்றில் கலக்கும்போது அமிலம் நீர்த்துப் போகிறது.

ஆய்வுக்கூடச் சோதனை

பாக்டீரியா வளரும் தட்டில், சாற்றில் நனைத்த காகித வில்லையை வைத்தால் அதைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றலாம். இது அமிலத்தால் மட்டும் வந்ததா என்று அறிய, அமிலம் முறித்த சாற்றையும் வெறும் சோப்பையும் தனித்தனியே சோதித்து ஒப்பிட வேண்டும். தட்டில் தோன்றும் வளையம், சில நொடிகளில் கை சுத்தமாகும் என்பதற்குச் சான்றாகாது.

செய்ய வேண்டியவை

1. கறக்குமுன்பும், ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டிற்குச் செல்லும்போதும் சாதாரண சோப்பை 20 நொடிகள் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் கைகளைத் துடைக்கவும். சோப்பு அழுக்கையும் கிருமிகளையும் தோலிலிருந்து பிரிக்கிறது. நீர் அவற்றை அடித்துச் செல்கிறது.
2. கொம்புச்சாவை மடியிலோ புண்ணிலோ தடவ வேண்டாம். கறந்தபின் காம்புகளை நனைக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தவும்.
3. விற்பனைக்குச் சோப்பு தயாரிக்க உரிமம் தேவை. சோதிக்காமல் 'கிருமிநாசினி' என்று சீட்டு ஒட்டக் கூடாது.

பழம் மிகுந்தால் காடியாக்கி ஊறுகாய்க்குப் பயன்படுத்தலாம். கைகளுக்குச் சோப்பே போதும். இரண்டையும் ஒரே புட்டியில் கலந்தால் இரண்டின் பயனும் குறையும்.