கடுகண்ணாவைச் சரிவில் ஊர்க்காடு: கன்று வாங்குமுன் செய்ய வேண்டியவை

கொழும்பிலிருந்து ஏறிவந்து டோசன் கோபுரத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பச்சையாகத்தான் தெரியும். வாகனத்தை விட்டு இறங்கிச் சரிவில் கால் வைத்துப் பாருங்கள். பல இடங்களில் அது காடு அல்ல. தேயிலை கைவிட்டுப்போன காணியில் ஆள் உயரத்துக்கு எழும்பிய கினிப்புல். இந்தச் சரிவுகளை ஊரே சேர்ந்து காடாக்கலாம். ஆனால் யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் "என்ன கன்று நடலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். கன்று கடைசிக் கேள்வி.

முதலில் காணி யாருடையது என்று பாருங்கள். ஒரே சரிவில் வனத் திணைக்களத்தின் துண்டு, தோட்டக் காணி, ரயில்வே ஒதுக்கீடு, தனியார் உறுதிக் காணி எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கும். கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்து, பிரதேச செயலகத்தில் வரைபடத்தைப் பார்த்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். 1995ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையே மக்கள் பங்களிப்பை ஏற்றுக்கொண்டது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது மண். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் வீதியோரச் சரிவு உயிர்களைக் கொண்டுபோனதை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். மரம் நட்டால் எந்தச் சரிவும் நிற்கும் என்று எண்ண வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் இடம் எந்த வலயத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும். அபாயச் சரிவில் மழைநீர் தேங்கும் கான் வெட்டவே கூடாது. பழைய தேயிலைக் கான்கள் அடைபட்டிருந்தால் அவற்றைத் திறந்துவிடுவதுதான் அங்கே முதல் வேலை.

இனி, எல்லாரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன்: புல்லும் நெருப்பும்.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வைப்பார்கள். ஐம்பது பேர் கத்தியோடு இறங்கி, மத்தியானத்துக்குள் சரிவை மொட்டையடித்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் புல்லுக்குள் பறவைகள் விதைத்துத் தானாக முளைத்து முழங்கால் உயரம் வந்திருந்த கன்றுகளும் புல்லோடு போயிருக்கும். நான் முதன்முதலில் வேலை செய்த காணியில் வட்டக்கண்ணிக் கன்றுகளை இப்படித்தான் அழித்தோம். பிறகு அதே இடத்தில் காசு கொடுத்து வாங்கிய கன்றுகளை நட்டோம்.

ஆகவே சிரமதானத்துக்கு இரண்டு வாரம் முன்பே மரம் தெரிந்த நான்கு பேர் புல்லை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வயதான தோட்டத் தொழிலாளி ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. தானாக முளைத்த ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் உச்சியில் வெள்ளை பூசிய மூங்கில் குச்சியை நடுங்கள். கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்தில் மட்டும் புல்லைத் தூரோடு கிளப்புங்கள். கத்தியால் வெட்டினால் மூன்று வாரத்தில் திரும்பி வரும், மண்வெட்டிதான் வேண்டும். குச்சி ஊன்றி முடித்த பிறகு, கன்று இல்லாத வெற்றிடங்களை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு கன்று வாங்கினால் போதும்.

நெருப்பு மேல்நோக்கி ஓடும். வீதியோரம், தண்டவாளத்தோரம் என்று கீழ் எல்லையில்தான் பெரும்பாலும் பிடிக்கும். அங்கே ஐந்து மீற்றர் அகலத்துக்குத் தீத்தடுப்புப் பாதை வெட்டுங்கள். டிசம்பர் முடியுமுன் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை. வெட்டிய புல்லைப் பாதையிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள். காய்ந்தால் அதுதான் முதலில் பற்றும். மாடு வளர்க்கும் வீடுகளுக்கு அந்தப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுங்கள். கினிப்புல் நல்ல தீவனம். லயத்தில் மாடு வைத்திருப்பவர் வாரம் இரண்டு கட்டு அறுத்துக்கொண்டு போனால், உங்கள் பாதை கூலியில்லாமல் துப்புரவாகும், அவருக்கும் காட்டில் பங்கு இருக்கும். ஒரு கம்பி வேலியும் அந்தப் பங்கைப்போலக் காவல் காக்காது. விறகுப் பாதையையும் அடைக்காதீர்கள்; காய்ந்த கொப்பு பொறுக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

நடும் காலம் பற்றி எனக்கு ஒரே முடிவு: மே மாதக் கடைசி. ஒக்டோபரில் நட்டால் வேர் ஊன்றுமுன் ஜனவரி வறட்சி வந்துவிடும். மேயில் நட்ட கன்றுக்குத் தென்மேற்கு மழையும் வருடக் கடைசி மழையும் இரண்டும் கிடைக்கும்.

என்ன மரம் என்பதைக் கண்டி வீட்டுத்தோட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். மேலே பலா, நாகமரம்; நடுவே கித்துள், கொறுக்காய்; கீழே கோப்பி, மிளகு. நீரோடைக் கரையில் மருது. அந்நிய மரங்களை, வேகமாக வளர்கின்றன என்பதற்காக நடாதீர்கள். உடவத்தைக்கலை வனத்துக்குள் போனால், தென்னமெரிக்கப் பால்சம் மரம் தன் கன்றுகளால் நிலத்தை மூடி உள்நாட்டு மரங்களை நெருக்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

காணியில் ஏற்கெனவே பைனஸ் நின்றால் முழுவதையும் வெட்ட அவசரப்படாதீர்கள். சிங்கராஜ வன ஓரத்துப் பைனஸ் தோட்டத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் சக ஆய்வாளர்களும் 1990களில் பைனஸ் வரிசைகளை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் மழைக்காட்டு மரங்களை நட்டார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக எழும்பின. நிழலும் வெளிச்சமும் கலந்து கிடைத்ததுதான் காரணம். வெட்டுவதற்குத் திணைக்கள அனுமதி வேண்டும்.

முதல் மூன்று வருடமும் கன்றைச் சுற்றிய வட்டத்தை வருடம் நான்கு முறை துப்புரவாக்க ஆள் இருக்கிறதா என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். பத்துப் பேர்தான் தேறுகிறார்கள் என்றால் கால் ஏக்கரோடு தொடங்குங்கள். கீழ் எல்லைத் தீப்பாதை வெட்டி முடியும் வரை ஒரு கன்றும் வாங்க வேண்டாம்.