இறப்பருக்கு அரிசி: 1952 இல் நடந்த ஒரு வியாபாரப் பாடம்



2025 ஏப்ரலில் இலங்கைச் சாமான்களுக்கு 44 வீதம் தீர்வை போடப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. அந்த நாட்களில் எங்கள் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், எங்க அக்கா கார்மன்ட்ல தைக்கிறா. அமெரிக்காகாரன் வரி போட்டா அக்காவுக்கு வேலை போயிருமா?"

அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்து, அந்த ஆகஸ்டில் தீர்வை 20 வீதமாகக் குறைந்தது. ஆனாலும் பிள்ளை கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. எங்கேயோ இருக்கிற நாடு எடுக்கிற முடிவு நம்ம வீட்டு அடுப்புக்கு எப்படி வந்து சேருகிறது? இதை விளங்கிக்கொள்ள நம் நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. வயதான தாத்தா, பாட்டிமாருக்கு ஞாபகம் இருக்கலாம்.

சண்டை கொரியாவில், விலை கொழும்பில்

1950 ஜூனில் கொரியாவில் யுத்தம் தொடங்கியது. தென்கொரியாவுக்காக அமெரிக்கா போனது. அந்த வருடம் முடிவதற்குள் வடகொரியாவுக்காகச் சீனா இறங்கியது. யுத்தம் என்றால் லொறி டயர், விமானச் சில்லு, சப்பாத்து எல்லாவற்றுக்கும் இறப்பர் வேண்டும். இறப்பர் விலை மளமளவென்று ஏறியது.

ஏறின விலை நிற்கவில்லை. அமெரிக்கா இறப்பர் வாங்குவதைத் தன் அரசாங்கத்தின் கையிலேயே எடுத்துக்கொண்டது. செயற்கை இறப்பரையும் கூடுதலாகச் செய்தது. விலை சரிந்தது. அதே நேரத்தில் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. நாம் சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. விற்கிற சாமான் விலை இறங்குகிறது, வாங்குகிற சாமான் விலை ஏறுகிறது. ஒரு குடும்பத்துக்கு இப்படி வந்தால் என்ன கஷ்டமோ, அதே கஷ்டம் நாட்டுக்கும் வந்தது.

அமெரிக்கா போட்ட தடை

1951 மே மாதம், அமெரிக்காவின் முயற்சியால், சீனாவுக்கு யுத்தத்துக்கு உதவும் சாமான்களை விற்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டது. இலங்கை அப்போது அந்தச் சபையில் அங்கத்தவர் இல்லை. 1955 டிசம்பரில்தான் சேர்ந்தது. ஆகவே அந்தத் தீர்மானம் நம்மைக் கட்டவில்லை. ஆனால் அமெரிக்கா தன் நாட்டிலும் ஒரு சட்டம் செய்திருந்தது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு இப்படிப்பட்ட சாமான்களை விற்கிற நாட்டுக்கு அமெரிக்க உதவி கிடையாது என்பதே அது.

இலங்கை முதலில் அமெரிக்காவிடம்தான் கேட்டது. எங்கள் இறப்பருக்கு நியாயமான விலை தாருங்கள், அரிசியைக் கட்டுப்படியான விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டது. பேச்சு சரிவரவில்லை. சீனாவிடம் அரிசி இருந்தது. இறப்பர் விற்க ஆளில்லை. நம்மிடம் இறப்பர் இருந்தது, அரிசி இல்லை.

அப்போது ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிஸ்டுகளை விரும்பாத கட்சி. பிரதமர் டட்லி சேனாநாயக்க. அப்படியிருந்தும் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க பீக்கிங் போனார். 1952 டிசம்பர் 18 ஆம் தேதி ஐந்து வருட ஒப்பந்தம் கைச்சாத்தானது. வருடம் 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து போகும். வருடம் 270,000 தொன் அரிசி அங்கிருந்து வரும். இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலான விலை. அரிசிக்குச் சந்தை விலையைவிடக் குறைந்த விலை. இரண்டு நாட்டுக்கும் இடையில் அப்போது தூதரகம்கூட இல்லை. தூதரக உறவு 1957 இல்தான் வந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

அமெரிக்காவுக்குக் கோபம். அதன் உதவி 1956 வரை நமக்குக் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது, அதற்காக நாம் சீனாவுடன் செய்த வியாபாரத்தை நிறுத்தவுமில்லை. ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு ஏறக்குறைய முப்பது வருடம் ஓடியது.

அதற்குள் அமெரிக்காவே மாறிவிட்டது. 1971 இல் சீனாவுடனான வியாபாரத் தடையை எடுத்தது. 1972 பெப்ரவரியில் ஜனாதிபதி நிக்சன் பீக்கிங் போய்க் கைகுலுக்கினார். 1979 இல் முழுமையான தூதரக உறவும் வந்தது. மற்றவர்களைப் போகாதே என்று சொன்னவரே, தனக்குத் தேவை வந்தபோது போனார்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி எட்டு மாதத்தில், 1953 ஆகஸ்டில், நாட்டில் பெரிய ஹர்த்தால் வெடித்தது. கூப்பன் அரிசிக்கு அரசாங்கம் கொடுத்த மானியம் வெட்டப்பட்டு, ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானதுதான் முக்கிய காரணம். கப்பலில் மலிவாக வந்த அரிசி கடையிலும் மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. அதை முடிவு செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இன்னொன்று. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியமுன் எழும்பிப் பால் வெட்டியவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். ஒப்பந்தம் நடந்த அதே 1952 இல் வந்த பொதுத் தேர்தலில் நம் மக்களில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. குடியுரிமையோடு அதுவும் பறிபோயிருந்தது. நாட்டுக்கு அரிசி கொண்டுவந்த சாமான் நம் கையால் வந்தது. அந்தப் பேச்சில் நமக்கு வாய் இருக்கவில்லை. இன்றைக்கு வாக்கு இருக்கிறது. அதனால்தான் இந்தச் செய்திகளை நாம் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

பிள்ளைக்குப் பதில்

நம் தேயிலை ஈராக், ரஷ்யா என்று பல நாடுகளுக்குப் போகிறது. அக்கா தைக்கிற உடுப்புக்குத் தனி நாடாகப் பார்த்தால் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான். ஒரே கடைக்கு மட்டும் மரக்கறி கொடுக்கிறவன் அந்தக் கடைக்காரன் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டும். இரண்டு மூன்று கடை தெரிந்தவன் பேரம் பேசலாம். 1952 இல் இலங்கை இன்னொரு கடையைத் தேடிப் போனது. அதற்கு விலையும் கொடுத்தது.

ஆகவே மகளே, அக்காவின் வேலை அக்காவின் கைத்திறமையில் மட்டும் இல்லை. நம் நாடு எத்தனை பேருக்கு விற்கத் தெரிந்து வைத்திருக்கிறது, யார் போய் எப்படிப் பேசுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

கூடிப் பேச:

1. 1952 இல் நீங்கள் அமைச்சராக இருந்தால் அமெரிக்க உதவியா, சீன அரிசியா? ஏன்?

2. உங்கள் வீட்டு வருமானம் எத்தனை இடத்திலிருந்து வருகிறது? ஒன்று நின்றால் என்ன செய்வீர்கள்?

3. 1952 இல் பால் வெட்டிய பெரியவர்கள் லயத்தில் இருந்தால், அந்த நாளைய அரிசிக் கதையைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வாருங்கள்.